கை எட்டாத கிராங்க் சென்சார்: அறிகுறி பார்த்து மாற்றும் வழிமுறை

கிராங்க் சென்சார் கட்டைவிரல் அளவுள்ள பொருள். பெரும்பாலும் ஒரே ஒரு போல்ட்டில் நிற்கும். தொல்லை எல்லாம் அது குடியிருக்கும் இடத்தில்தான். சில கார்களில் செல்ஃப் மோட்டாருக்குப் பின்னால், சிலவற்றில் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில், சிலவற்றில் ஏ.சி. கம்ப்ரஸருக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே. கண் போகும் வழியில் கை போகாது; கை போகும் வழியில் கண் போகாது.

இப்படிப்பட்ட உறுப்பை ‘மாற்றித்தான் பார்ப்போமே’ என்று கழற்றத் தொடங்கினால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும், கோளாறு அப்படியே இருக்கும். எட்டாத இடத்தில் உள்ளதை எட்டும் இடத்திலிருந்து சோதிக்க வேண்டும். குற்றம் அதன் மேல்தான் என்று உறுதியான பிறகே ஜாக்கியைத் தொட வேண்டும். கீழே உள்ள சோதனைகளில் பலவற்றை பானெட்டைத் திறந்து, நின்றபடியே செய்துவிடலாம்.

முதலில் அது என்ன வேலை செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டோடு சேர்ந்து ஒரு பல் சக்கரம் சுற்றுகிறது. பல எஞ்சின்களில் அதில் 60 பல்லுக்கு இடம் உண்டு. அவற்றில் இரண்டை வேண்டுமென்றே விட்டிருப்பார்கள். ஆக ஒரு பல்லுக்கு 6 டிகிரி. அந்தப் பொக்கை சென்சாரைக் கடக்கும்போது, பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று ஈசியூ (எஞ்சினை ஆளும் கணினிப் பெட்டி) கணக்கிட்டுக்கொள்கிறது. தீப்பொறியும் எரிபொருளும் இந்தக் கணக்கை நம்பித்தான் போகின்றன. கணக்கு வராவிட்டால் இரண்டும் நிற்கும்.

சென்சாரில் இரண்டு வகை உண்டு. ஒன்று காந்தமும் கம்பிச் சுருளும் கொண்டது. இரண்டு வயர் இருக்கும், சிலவற்றில் மூன்றாவதாக, மின் இரைச்சலைத் தடுக்கும் ஒரு ஷீல்டு வயர் இருக்கும். மற்றது ஹால் வகை, காந்தப்புலத்தை உணரும் மின்னணுச் சில்லு கொண்டது. மின்சாரம், எர்த், சிக்னல் என்று மூன்று வயர். வயரை மட்டும் எண்ணி வகையை முடிவு செய்யாதீர்கள். உங்கள் காரின் வயரிங் படத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். ஏனென்றால் ஹால் வகையின் மேல் ஓம் மீட்டரை வைப்பதால் பயன் இல்லை. அதற்கு வேறு சோதனை.

செல்ஃப் அடிக்கிறது, எஞ்சின் பிடிக்கவில்லை

செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். கிராங்க் சிக்னல் வந்தால் பல கார்களில் முள் 200, 250 அருகே சற்று எழும். ஆணி அடித்தாற்போல் பூஜ்யத்தில் கிடந்தால் சந்தேகம் வலுக்கிறது. சில கார்களில் செல்ஃப் அடிக்கும் நேரத்தில் முள் அசையாதபடியே வடிவமைத்திருப்பார்கள் என்பதால், ஓபிடி ஸ்கேனரில் (ஈசியூவில் உள்ள தகவல்களைப் படிக்கும் கருவி) ஆர்பிஎம் எண்ணைப் பார்ப்பதே நம்பகமானது. கைபேசியோடு இணையும் மலிவான புளூடூத் ஸ்கேனரே இதற்குப் போதும்.

பெட்ரோல் காரில் அடுத்த கேள்வி: தீப்பொறி, எரிபொருள் இரண்டும் இல்லையா, அல்லது ஒன்று மட்டும்தான் இல்லையா? சாவியைத் திருப்பியதும் பின்சீட்டுக்குக் கீழே பம்ப் இரண்டு நொடி ரீங்கரித்துவிட்டு அடங்கும். எஞ்சின் சுற்றுகிறது என்ற சிக்னல் வந்தால்தான் ஈசியூ அதை மறுபடி ஓடவிடும். செல்ஃப் அடிக்கும்போது பம்ப்பும் ஓடவில்லை, பிளக்கில் பொறியும் இல்லை என்றால் இரண்டுக்கும் பொதுவான ஒன்றில்தான் கோளாறு. கிராங்க் சென்சார் அந்த வரிசையில் முன்னால் நிற்கிறது. பொறி வருகிறது, பெட்ரோல் மட்டும் வரவில்லை என்றால் சென்சாரை விட்டுவிட்டு பம்ப், ரிலே, ஃபியூஸ் பக்கம் போங்கள்.

காமன் ரெயில் டீசலில் ஸ்கேனரில் இரண்டு எண்களைப் பாருங்கள்: ஆர்பிஎம், ரெயில் அழுத்தம் (இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் பொதுக் குழாயில் உள்ள அழுத்தம்). எஞ்சின் பிடிக்க ஏறத்தாழ 150 முதல் 250 பார் வரை அழுத்தம் தேவைப்படும். ஆர்பிஎம் வருகிறது, அழுத்தம் ஏறவில்லை என்றால் கோளாறு டீசல் பக்கம். ஃபில்டர், காற்றுக் கசிவு, பம்ப், இன்ஜெக்டர் என்று தேட வேண்டும்.

இம்மொபிலைசர் (சாவியை அடையாளம் காணும் திருட்டுத் தடுப்பு) விளக்கு துடித்துக்கொண்டே இருந்தாலும் இதே அறிகுறிதான். மாற்றுச் சாவியைப் போட்டுப் பார்க்க ஒரு நிமிடம் ஆகும். அதைச் செய்யாமல் காருக்கு அடியில் படுப்பவர்கள் உண்டு.

பேட்டரியையும் மறக்க வேண்டாம். சுருள் வகை சென்சார் தானே மின்சாரம் உண்டாக்குகிறது. பல் சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ அவ்வளவு பலமான சிக்னல். பேட்டரி இறங்கி, செல்ஃப் முனகியபடி சுற்றினால் நல்ல சென்சாரும் ஈசியூவுக்குக் கேட்காது.

ஓடிக்கொண்டே இருக்கும்போது நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது

கிராங்க் சென்சாரின் கையெழுத்து என்றே இதைச் சொல்லலாம். ஏப்ரல், மே வெயிலில் நெரிசலில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் எஞ்சின் அணைகிறது. செல்ஃப் நன்றாக அடிக்கிறது, பிடிக்கவில்லை. அரைமணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் ஓடுகிறது. மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் அங்கே நன்றாகவே ஓடும்.

உள்ளே நடப்பது இதுதான். தலைமயிர் அளவுக்கு மெல்லிய செப்புக் கம்பி ஏராளமான சுற்றுகளாகச் சுற்றப்பட்டு பிளாஸ்டிக்கில் புதைக்கப்பட்டிருக்கிறது. வருடக்கணக்கில் சூடாகி ஆறி, ஏதோ ஒரு சுற்றிலோ பற்றவைத்த இடத்திலோ விரிசல் விடுகிறது. குளிர்ந்திருக்கும்போது முனைகள் ஒட்டிக்கொண்டு மின்சாரம் போகிறது. சூட்டில் பிளாஸ்டிக் விரிந்ததும் பிரிகின்றன. ஹால் வகையில் கம்பிச் சுருள் இல்லை, உள்ளிருக்கும் மின்னணுச் சில்லு சூட்டில் ஓய்ந்துபோகிறது. எஞ்சினை அணைத்த பின் சில நிமிடங்களுக்கு உள்வெப்பம் இன்னும் ஏறும். காற்றோட்டமும் கூலன்ட் சுழற்சியும் நின்றுவிடுவதே காரணம். ‘பெட்ரோல் பங்கில் நிறுத்தினேன், பிறகு ஓடவில்லை’ என்ற புகார் இதனால்தான் அடிக்கடி வருகிறது.

சோதிப்பதற்கு வசதியானது ஈசியூவின் கப்ளர், அதாவது வயர்கள் வந்து செருகும் இணைப்பு. பல கார்களில் அது பேட்டரிக்குப் பக்கத்தில், கை எட்டும் இடத்தில் இருக்கும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு ஈசியூ கப்ளரை உருவி, வயரிங் படத்தில் கிராங்க் சென்சாருக்கான இரண்டு முனைகளைக் கண்டுபிடித்து மல்டிமீட்டரை வையுங்கள். முனைக்குள் தடித்த ஊசியைத் திணிக்காதீர்கள். வாய் அகன்ற முனை பிறகு சரியாகப் பிடிக்காது, இல்லாத கோளாறு ஒன்று புதிதாகப் பிறக்கும். சுருள் வகையில் சில நூறு ஓமிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் ஓம் வரை காட்டும். உங்கள் காருக்கு எவ்வளவு என்பது அதன் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும்.

குளிர்ந்த நிலையில் ஓர் அளவு, எஞ்சின் நின்றுபோன உடனே சூட்டோடு ஓர் அளவு என்று இரண்டு வேண்டும். சூட்டில் எண் கூடுவதைப் பார்த்து மிரள வேண்டாம். செம்பின் மின்தடை ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.39 சதவீதம் ஏறும். 30 டிகிரியில் 900 ஓம் காட்டிய நல்ல சென்சார் 110 டிகிரியில் 1,170 அருகே காட்டுவது இயல்பு. எண் குதிப்பது, அளவில்லாமல் போவது, வயரை லேசாக ஆட்டும்போது மின்னி மறைவது ஆகியவைதான் கோளாறு. இரண்டு முனைகளுக்கும் எர்த்துக்கும் இடையே எந்தத் தொடர்பும் காட்டக் கூடாது என்பதையும் பார்த்துவிடுங்கள்.

ஈசியூ முனையில் அளவில்லாமல் காட்டினால் சென்சார் போய்விட்டது என்று உடனே முடிவு கட்ட முடியாது. நடுவில் ஒரு மீட்டர் வயரும் ஒரு கப்ளரும் இருக்கின்றன. கம்பியோ கண்ணாடியோ வைத்துச் சென்சாரின் கப்ளரை எட்ட முடிந்தால் அங்கேயும் அளந்து பாருங்கள். அங்கே சரியாகவும் ஈசியூவில் தவறாகவும் இருந்தால் வயர்தான் குற்றவாளி. எலி கடித்த வயர், எக்ஸாஸ்ட் அருகே உருகிய வயர், எண்ணெய் ஊறி உப்பிய கப்ளர், பச்சை பூத்த முனை என்று நான் பார்த்த ‘சென்சார் கோளாறு’களில் வயர் கோளாறுகளுக்குக் குறைவே இல்லை.

ஹால் வகைக்கு: சாவியைத் திருப்பி, கப்ளரில் 5 வோல்ட் அல்லது 12 வோல்ட் (காரைப் பொறுத்தது) வருகிறதா, எர்த் சரியா என்று முதலில் பாருங்கள். பிறகு கப்ளரை மாட்டியபடியே பின்புறம் வழியாகச் சிக்னல் வயரில் மெல்லிய ஊசியை வைத்து, கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் எஞ்சினை மெதுவாகச் சுற்றுங்கள். வோல்ட்டேஜ் ஏறி இறங்க வேண்டும். ஏறிய இடத்திலோ இறங்கிய இடத்திலோ அப்படியே நின்றால் சென்சார் உயிரோடு இல்லை. கியர் நியூட்ரலில் இருக்கட்டும். எஞ்சின் இயல்பாகச் சுற்றும் திசையில் மட்டும் சுற்றுங்கள். பெட்ரோல் எஞ்சினில், பொறி தரும் காயில்களின் கப்ளர்களைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள்.

மீட்டர் இல்லாதவர்களுக்கு ஒரு பழைய வழி: நின்றுபோன சூட்டில் சென்சார் மேல் மட்டும் சிறிது குளிர்ந்த நீரை ஊற்றிப் பார்ப்பது. உடனே எஞ்சின் பிடித்தால் விடை கிடைத்துவிட்டது. சென்சார் எக்ஸாஸ்ட்டை ஒட்டி இருக்கும் கார்களில் இதைச் செய்யாதீர்கள். பழுக்கக் காய்ந்த இரும்பில் தண்ணீர் பட்டால் விரிசல் விடும், ஆவி முகத்தில் அடிக்கும்.

நிற்கவில்லை, ஆனால் மிஸ்ஸிங் அடிக்கிறது, வெட்டி வெட்டி இழுக்கிறது

ஸ்கேனரில் பி0335 என்ற கோளாறுக் குறியீடு (கோடு) வந்தால் சிக்னல் பாதையே சரியில்லை என்று பொருள். பி0336 வேறு: சிக்னல் வருகிறது, ஆனால் ஈசியூ எதிர்பார்க்கும் ஒழுங்கில் இல்லை. பி0339 என்றால் விட்டு விட்டு வருகிறது.

பி0336 வந்தவுடன் புதுச் சென்சார் வாங்கப் போகாதீர்கள். சென்சார் முனையில் காந்தம் இருப்பதால் இரும்புத் தூள் தாடிபோல் ஒட்டிக்கொள்ளும். ஃப்ளைவீல் பக்கம் பொருத்திய கார்களில் கிளட்ச் தூளும் எண்ணெயும் சேர்ந்து களிம்பாகிவிடும். கழற்றித் துடைத்தாலே சரியாகும் கார்கள் இருக்கின்றன. கிளட்ச் வேலை நடந்த சில நாட்களுக்குள் இந்தக் கோடு வந்தால் பல் சக்கரம் வளைந்திருக்கிறதா, சென்சார் வயர் கியர் பாக்ஸுக்கு இடையில் நசுங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் பல எஞ்சின்களில் அந்தச் சக்கரம் பின்பக்க ஆயில் சீலோடு சேர்ந்தே வருகிறது. அங்கே சீலை மாற்றியவர் சக்கரத்தைச் சரியான கோணத்தில் அமர்த்தாவிட்டால் எத்தனை சென்சார் மாற்றினாலும் பயன் இல்லை.

பி0016 கோடும் உடன் வந்தால் கிராங்க்கும் கேமும் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்று ஈசியூ சொல்கிறது. டைமிங் செயின் தளர்ந்திருக்கலாம், பெல்ட் ஒரு பல் தாவியிருக்கலாம். அந்த நிலையில் சென்சாரை மாற்றி ஓட்டிக்கொண்டிருப்பது ஆபத்து. வால்வு வளைந்தால் செலவு வேறு கணக்கில் போகும்.

காலையில் நெடுநேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கிறது

கிராங்க் சிக்னல் இல்லாவிட்டாலும் கேம் சென்சாரை மட்டும் வைத்துத் தட்டுத்தடுமாறி எஞ்சினைப் பிடிக்கவைக்கும் ஈசியூக்கள் உண்டு. கிராங்க் சிக்னல் இருந்து கேம் சிக்னல் இல்லாதபோதும் இதே தாமதம் வரும். பி0340 வந்தால் அது கேம் சென்சாருடையது. பெரும்பாலும் மேலேயே, எளிதாக எட்டும் இடத்தில் இருக்கும். அடியில் படுப்பதற்கு முன் கோளாறுக் குறியீட்டைப் படியுங்கள்.

விளக்கு மட்டும் எரிகிறது, ஓட்டத்தில் குறை இல்லை

கோளாறுக் குறியீட்டைக் குறித்துக்கொண்டு அழித்துவிட்டு ஓட்டுங்கள். திரும்ப வந்தால் வயர், கப்ளர், பிறகு சென்சார் என்ற வரிசை. நெடுஞ்சாலைப் பயணம் முன்னால் இருந்தால் மட்டும் தள்ளிப்போட வேண்டாம். லாரிகளுக்கு நடுவே 90 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் அணைந்தால் ஸ்டியரிங் இறுகிவிடும், பிரேக்குக்கான துணையும் சில மிதிகளில் தீர்ந்துபோகும்.

சென்சார்தான் என்று உறுதியாகிவிட்டது: எட்டுவது எப்படி

முதலில் இருக்கும் இடம். லோகன், வெரிட்டோ கார்களில் உள்ள ரெனோ எஞ்சின்களில் அது கியர் பாக்ஸின் பெல் ஹவுசிங் (கிளட்சை மூடியிருக்கும் கூடு) தலையில் இருக்கிறது. ஏர் ஃபில்டர் பெட்டியையும் குழாய்களையும் விலக்கினால் மேலிருந்தே கை போகும். காரைத் தூக்க வேண்டியதில்லை. புல்லி பக்கம் இருந்தால் பெரும்பாலும் முன்சக்கரத்தைக் கழற்றி, உள்ளிருக்கும் பிளாஸ்டிக் மட்காப்பை விலக்கிச் சக்கரக் குழி வழியாகப் போவது சுலபம். பிளாக்கின் நடுவில், மேனிஃபோல்டுக்கு அடியில் இருந்தால் கீழிருந்துதான். சில கார்களில் செல்ஃப் மோட்டாரை இறக்கியே ஆக வேண்டும். அப்படியானால் முரண்டு பிடிக்காமல் இறக்கிவிடுங்கள். இறக்காமல் செய்துவிடலாம் என்று மல்லுக்கட்டும் நேரத்தில் அதை இறக்கி ஏற்றி முடித்துவிடலாம்.

காரைத் தூக்கினால் சமதரையில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஸ்டாண்டின் மேல் அமர்த்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போவது உயிரோடு விளையாடுவது. ஹாலோ பிளாக் கல்லும் நொறுங்கிவிடும், அதுவும் வேண்டாம். எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். பேட்டரி நெகட்டிவ் கழன்றிருக்க வேண்டும், குறிப்பாகச் செல்ஃப் மோட்டார் வயர் பக்கத்தில் இருக்கும்போது.

கருவிகளில் பத்தாம் நம்பர் பாக்ஸ் ஸ்பேனர், நீள எக்ஸ்டென்ஷன், வளையும் மூட்டு, கால் அங்குல ராட்செட் இருந்தால் பெரும்பாலான கார்களுக்குப் போதும். சிலவற்றில் நட்சத்திர வடிவத் தலை இருக்கும், முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். கைபேசியின் முன்கேமராவை உள்ளே நீட்டி வீடியோ எடுத்தால் போல்ட்டின் கோணமும் கப்ளர் பூட்டு எந்தப் பக்கம் என்பதும் தெரிந்துவிடும். கப்ளர் பூட்டை அழுத்த வேண்டுமா, இழுக்க வேண்டுமா என்று தெரியாமல் முறுக்குவதால்தான் அது உடைகிறது. பழைய பிளாஸ்டிக் வெயிலில் வைத்த அப்பளம் போன்றது. பூட்டை அழுத்தியபடியே கப்ளரை முதலில் உள்ளே தள்ளி, பிறகு இழுங்கள்.

சென்சாரோடு நீள வயர் சேர்ந்து வரும் வகையாக இருந்தால், மேல்முனையில் ஒரு நூல் கட்டிவிட்டுக் கீழிருந்து உருவுங்கள். நூல் அதே வழியில் கிடக்கும். புதுச் சென்சாரின் வயரை அதில் கட்டி மேலே இழுத்தால் பழைய பாதையிலேயே போய்ச் சேரும். பாதை மாறி எக்ஸாஸ்ட்டிலோ பெல்ட்டிலோ உரசினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

போல்ட் வந்துவிட்டது, சென்சார் வரவில்லை என்பது வாடிக்கை. துருவும் ஊதிய ஓ-ரிங்கும் சேர்ந்து பிடித்துக்கொண்டிருக்கும். துரு நீக்கும் எண்ணெயை அடித்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். பிறகு சென்சாரின் காதை (போல்ட் ஏறும் பகுதி) பிடித்து இடம், வலம் என்று சிறிது சிறிதாகத் திருப்புங்கள். அது சுழலத் தொடங்கினால் வந்துவிடும். ஸ்க்ரூ டிரைவரால் ஒரு பக்கம் நெம்பினால் தலை மட்டும் கையோடு வரும், முனை உள்ளேயே தங்கும். அப்படி ஆகிவிட்டால் துளையிடும் மெஷினை எடுக்காதீர்கள். துகள்கள் எஞ்சினுக்குள் போகும். மீதமுள்ள பிளாஸ்டிக்கில் ஒரு திருகாணியைக் கையால் மெல்ல ஏற்றி, அதைக் குறட்டால் பிடித்து இழுப்பது பெரும்பாலும் பலிக்கிறது.

வாங்கும்போது பழைய சென்சாரில் பொறித்திருக்கும் எண்ணைக் காட்டி வாங்குங்கள். சென்னையில் ஜி.பி. ரோடு கடைகளில் புதியது கிடைக்கும். புதுப்பேட்டையில் பழைய கார்களில் கழற்றிய கதவும் கண்ணாடியும் வாங்கலாம். கழற்றிய கிராங்க் சென்சார் வாங்குவதில் அர்த்தமில்லை. அதன் கோளாறு சூட்டில்தான் தெரியும், கடை மேசையில் தெரியாது.

பொருத்தும் முன் துளையையும் அமரும் பரப்பையும் துணியால் துடையுங்கள். ஒரு துகள் அடியில் மாட்டினாலும் பல்லுக்கும் முனைக்கும் உள்ள இடைவெளி மாறும். அது பொதுவாக 0.5 முதல் 1.5 மி.மீ. வரைதான். ஓ-ரிங்கில் ஒரு துளி எஞ்சின் ஆயில் தடவி, கையால் அழுத்தி முழுக்க அமரவையுங்கள். போல்ட்டை இறுக்கித்தான் அதை உள்ளே இழுக்க வேண்டும் என்றால் ஏதோ தடுக்கிறது. போல்ட் கீழே விழாமலிருக்க பாக்ஸுக்குள் சிறிது டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். முதல் சில சுற்றுகள் விரலால். எம்6 போல்ட் அலுமினியத்தில் ஏறுகிறது. 8 முதல் 10 நியூட்டன் மீட்டர் போதும். அதற்கு மேல் பலம் காட்டினால் மரை உரிந்துவிடும்.

மாற்றிய பிறகும் ஓடவில்லை

கப்ளர் ‘டக்’ என்று பூட்டியதா என்று முதலில் பாருங்கள். பேட்டரி முனை, ஈசியூ கப்ளர், வேலைக்காகக் கழற்றிய ஏர் ஃபில்டர் சென்சாரின் கப்ளர் ஆகியவை அடுத்து. வயரை ஒட்டுப்போட்டுச் சரிசெய்திருந்தால் இரண்டு வயரும் இடம் மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள். சுருள் வகையில் இடம் மாறினால் சிக்னல் தலைகீழாகிவிடும். மீட்டரில் ஓம் சரியாகவே காட்டும், எஞ்சின் பிடிக்காது அல்லது பின்னடிக்கும். ஷீல்டு வயர் ஒரு முனையில் மட்டும் எர்த் ஆக வேண்டும். அறுந்து தொங்கினால் ஆல்டர்னேட்டர் இரைச்சல் சிக்னலில் கலக்கும்.

ஓடுகிறது, ஆனால் மிஸ்ஃபயர் கோடு மட்டும் வருகிறது என்றால் உங்கள் காருக்குப் பல் சக்கரத்தை ஈசியூ மீண்டும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கலாம். செவர்லே உள்ளிட்ட சில கார்களில் இதை ஸ்கேனர் மூலம்தான் செய்ய முடியும். கைபேசிச் செயலி போதாது, பெரிய ஸ்கேனர் உள்ள பட்டறைக்குப் போக வேண்டும். மற்றவற்றில் குறியீட்டை அழித்துவிட்டு, வேகமும் கியரும் மாற்றி மாற்றி ஒரு சுற்று ஓட்டினாலே தானாகச் சரியாகும்.

சோதனை ஓட்டத்தைக் காலைக் குளிரில் முடித்துக்கொள்ள வேண்டாம். பழைய கோளாறு எந்தச் சூட்டில் வந்ததோ அதே மதியத்தில், ஏ.சி. போட்டு, நெரிசலில் ஓட்டுங்கள். நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து மறுபடி செல்ஃப் அடியுங்கள். அந்த நேரத்தில் முதல் சுற்றிலேயே பிடித்தால் ஸ்கேனரைக் கழற்றி வைத்துவிடலாம்.